"இனி நீ வழக்குப் போடாதே" என்று நீதிமன்றம் சொல்லலாமா?



இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

"நீதிமன்றத்தின் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது" என்று குடியியற் கல்விப் பாடத்தில் நாங்கள் படிப்பிக்கிறோம். பிள்ளைகளும் அதை அப்படியே எழுதிப் புள்ளி வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அந்த வசனத்துக்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. ஒருவர் அந்தக் கதவால் ஒரு தடவை அல்ல, ஐம்பது தடவை நுழைந்தால் என்ன செய்வது? ஒரே விடயத்தை, ஒரே ஆட்களுக்கு எதிராக, தோற்ற பிறகும் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தால்? அப்போதும் கதவைத் திறந்தே வைப்பதா, இல்லை அவருக்கு மட்டும் மூடுவதா?

இதற்கு இரண்டு பக்கம் இருக்கிறது. ஒரு பக்கம், ஆதாரமில்லாத வழக்கு ஒன்றில் மாட்டிக்கொண்ட குடும்பம். ஒவ்வொரு தவணைக்கும் வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டும், சட்டத்தரணிக்குக் காசு கட்ட வேண்டும், வென்றாலும் செலவு திரும்பி வராது. அடுத்த மாதம் புதிய அழைப்பாணை வரும். மறுபக்கம், உண்மையிலேயே அநியாயம் நடந்து, அதை யாரும் காது கொடுத்துக் கேட்காததால் திரும்பத் திரும்பப் போகிற மனிதன். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டு பேரும் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். இரண்டு பேரின் கையிலும் தடித்த பைல் ஒன்று இருக்கும். ஊர் இரண்டு பேருக்கும் "கேஸ்காரர்" என்றுதான் பட்டம் வைக்கும்.

இவர்களை எப்படிப் பிரித்தறிவது என்று உலகத்து நீதிமன்றங்கள் நூற்று முப்பது வருடங்களாக யோசித்து வருகின்றன. அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறோம்.

எங்களுக்கு இது ஏன் முக்கியம் என்று யாராவது கேட்கலாம். சட்டத்தரணி இல்லாமல் தன் வழக்கைத் தானே பேசுவது எங்கள் சமூகத்துக்குப் புதிய விடயமல்ல. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி ஆஜராக முடியாது. கணவனும் மனைவியும் தங்கள் வாயாலேயே பேச வேண்டும். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த மத்தியஸ்த சபைகளிலும் அப்படித்தான். அதற்கும் மேலே, நாட்டின் அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரை, அடிப்படை உரிமை மீறப்பட்ட ஒருவர் ஒரு மாதத்துக்குள் தானாகவோ சட்டத்தரணி மூலமாகவோ உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம் என்கிறது. "தானாகவோ" என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். காசு இல்லாதவனுக்கும் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தின் வாசலில் நிற்க உரிமை உண்டு என்று அரசியலமைப்பே எழுதி வைத்திருக்கிறது. ஆகவே அந்த உரிமைக்கு எல்லை எங்கே என்பதும் எங்களுடைய கேள்விதான்.

கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. எங்கள் நீதிமன்ற நடைமுறையில் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததுதானே.

19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி வரை இங்கிலாந்து நீதிமன்றங்களிடம் இதற்கென்று பெரிய ஆயுதம் ஒன்றும் இருக்கவில்லை. ஆதாரமில்லாத வழக்கைத் தள்ளுபடி செய்யலாம், செலவைக் கட்டு என்று உத்தரவிடலாம், அவ்வளவுதான். 1887இல் கிரீப் எதிர் லோம் என்ற வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு படி முன்னே போனது. முடிந்துபோன தீர்ப்பைக் கிளறிக் கிளறி விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தவர்களிடம், இந்த வழக்கில் இனி விண்ணப்பம் போடுவதென்றால் முதலில் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும் என்றது. அந்த அனுமதி கிடைக்கும்வரை மற்றத் தரப்பார் வந்து பதில் சொல்லத் தேவையில்லை. ஆனால் அது அந்த ஒரு வழக்குக்கு மட்டும் போட்ட வேலி. அதே ஆள் நாளைக்கு வேறு பெயரில் புதிய வழக்கொன்றைத் தொடங்கினால் தடுக்க வழியில்லை.

அந்த ஓட்டையால் புகுந்து வந்தவர் அலெக்ஸாண்டர் சாஃபர்ஸ். அவர் ஒரு சொலிசிட்டர், அதாவது சட்டம் படித்தவர்.

சாஃபர்ஸின் பெயர் முதலில் வெளியே வந்தது 1872இல். அந்தக் காலத்தில் சேர் டிராவர்ஸ் டுவிஸ் என்பவர் அரசியின் பெரிய சட்ட அதிகாரிகளில் ஒருவராக இருந்தார். சர்வதேசச் சட்டத்தில் பெயர் பெற்ற அறிஞர். அவருடைய மனைவி திருமணத்துக்கு முன் ஒழுக்கக்கேடான வாழ்க்கை வாழ்ந்தவர் என்று சாஃபர்ஸ் சத்தியப் பிரகடனம் ஒன்றைச் செய்து பரப்பினார். டுவிஸ் குடும்பம் அவதூறு வழக்குப் போட்டது. விசாரணை நடந்துகொண்டிருந்தபோது, குறுக்கு விசாரணையைத் தாங்க முடியாமல் அந்தப் பெண் நாட்டை விட்டே போய்விட்டார். வழக்கு கைவிடப்பட்டது. சாஃபர்ஸ் விடுதலையானார். டுவிஸ் தன் பதவிகள் எல்லாவற்றையும் விட்டு விலகினார். அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னது உண்மையா பொய்யா என்பது நீதிமன்றத்தில் தீர்க்கப்படவே இல்லை. தீர்ப்பு வருமுன்பே ஒரு குடும்பம் உடைந்து போனது. வழக்கின் முடிவு மட்டுமல்ல, வழக்கு நடப்பதே ஒரு தண்டனையாகலாம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

அதன் பிறகும் சாஃபர்ஸ் ஓயவில்லை. 1890களில் அவர் வழக்குக்கு மேல் வழக்காகத் தாக்கல் செய்தார். வேல்ஸ் இளவரசர், கன்ரபரி பேராயர், பாராளுமன்ற சபாநாயகர், பிரபுக்கள் சபையின் தலைமை நீதிப் பிரபு, பிரித்தானிய நூதனசாலையின் பொறுப்பாளர்கள், நீதிபதிகள் என்று பட்டியல் நீண்டது. தன்னுடைய மனுவைப் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்க மறுத்தார் என்று ஒரு பாராளுமன்ற உறுப்பினர் மீதே வழக்குப் போட்டார். ஒருவரின் மனுவைச் சமர்ப்பிக்க வேண்டும் என்ற சட்டக் கடமை உறுப்பினருக்கு இல்லை என்று 1894இல் அந்த வழக்கு முடிந்தது. மொத்தம் 48 வழக்குகள் எண்ணப்பட்டன. அவற்றில் 47 தோல்வி. தோற்றவர் செலவைக் கட்ட வேண்டும் என்பதுதான் ஆங்கிலேயச் சட்டம். ஆனால் கட்டுவதற்கு அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. இழக்க ஒன்றுமில்லாதவனைச் செலவு உத்தரவு பயமுறுத்தாது.

அதனால் 1896இல் பிரித்தானியப் பாராளுமன்றம் தனியாக ஒரு சட்டம் கொண்டுவந்தது. தொல்லை வழக்குகள் சட்டம் என்று தமிழில் சொல்லலாம். அடுத்த வருடமே, 1897இல், அந்தச் சட்டத்தின் கீழ் சாஃபர்ஸுக்கு எதிராக உத்தரவு எடுக்கப்பட்டது. பெரிய இடத்து ஆட்களுக்குத் தொல்லை வந்த பிறகுதான் சட்டம் வந்தது என்று நீங்கள் சிரிக்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் அந்தச் சட்டத்தின் வாசகத்தைப் பார்த்தால், எழுதியவர்கள் கோபத்தில் எழுதவில்லை என்று தெரிகிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

முதலாவது, தொல்லைப்படுத்தப்பட்டவர் நேரடியாகப் போய் இந்த உத்தரவைக் கேட்க முடியாது. சட்டமா அதிபர்தான் விண்ணப்பிக்க வேண்டும். தனிப்பட்ட பகையால் ஒருவரின் வாயை அடைக்காமல் இருக்க அது ஒரு பாதுகாப்பு.

இரண்டாவது, ஒரு தடவை தோற்றது போதாது. நியாயமான அடிப்படை எதுவுமில்லாமல், வழக்கமாகவும் விடாப்பிடியாகவும் தொல்லை வழக்குப் போட்டவர் என்று மேல் நீதிமன்றம் திருப்திப்பட வேண்டும்.

மூன்றாவது, அந்த ஆளின் பக்கத்தைக் கேட்க வேண்டும், அல்லது கேட்கச் சந்தர்ப்பம் கொடுக்க வேண்டும். வறுமையால் சட்டத்தரணி வைக்க முடியாதவர் என்றால் நீதிமன்றமே ஒருவரை நியமிக்க வேண்டும். ஒருவரைத் தொல்லைக்காரர் என்று அறிவிக்கும் சட்டத்துக்குள்ளேயே அவருக்காகப் பேச ஒருவரை வைத்திருக்கிறார்கள்.

நான்காவது, உத்தரவு வந்தாலும் கதவு பூட்டப்படுவதில்லை. புதிய வழக்குப் போட முன் ஒரு நீதிபதியிடம் அனுமதி கேட்க வேண்டும். இது நீதிமன்ற நடைமுறையைத் துஷ்பிரயோகம் செய்வதல்ல, முதற்பார்வையில் இதில் விடயம் இருக்கிறது என்று காட்டினால் அனுமதி கிடைக்கும்.

ஐந்தாவது, உத்தரவு லண்டன் வர்த்தமானியில் வெளியிடப்பட வேண்டும். இரகசியமாக ஒருவரின் பெயரைக் கறுப்புப் பட்டியலில் போட முடியாது.

அந்தச் சட்டம் யாரையும் சிறைக்கு அனுப்பவில்லை. "முதலில் அனுமதி கேள்" என்று மட்டும் சொன்னது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சட்டம் வந்தவுடன் நீதிபதிகள் அதைக் கண்டபடி நீட்டவும் இல்லை. பேர்னாட் போலர் என்பவருக்கு எதிராக இந்த உத்தரவு இருந்தது. அவர் ஒரு குற்றவியல் முறைப்பாடு செய்யப் போனபோது, அதற்கும் அனுமதி தேவையா என்ற கேள்வி வந்தது. மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. பெரும்பான்மை முடிவு, சட்டத்தில் குற்றவியல் வழக்கு என்று தெளிவாகச் சொல்லவில்லை, ஆகவே அது அடங்காது என்பது. நீதிமன்றத்தை அணுகும் உரிமையைப் பறிப்பதென்றால் பாராளுமன்றம் அதைத் தெளிவான சொல்லில் சொல்ல வேண்டும், ஊகித்துப் பறிக்கக் கூடாது என்ற கருத்து 1915ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் பதிவாகியிருக்கிறது. இங்கிலாந்தில் குற்றவியல் வழக்குகளுக்கும் இந்தக் கட்டுப்பாடு வந்தது எழுபது வருடம் கழித்து, 1985இல், அதுவும் பாராளுமன்றம் போட்ட சட்டத்தால்.

இங்கிலாந்தில் அந்தச் சட்டம் பிறகு வேறு சட்டங்களுக்குள் சேர்ந்து, இப்போது 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆவது பிரிவாக இருக்கிறது. 2004இல் அதற்குப் பக்கத்தில் சிவில் கட்டுப்பாட்டு உத்தரவு என்ற புதிய முறையும் வந்தது. இதில் மூன்று தரம். ஒரு வழக்குக்குள் மட்டும் தடுப்பது, அதோடு தொடர்புள்ள விடயங்களில் தடுப்பது, எல்லா விடயங்களிலும் தடுப்பது. பெரிய தடைகளுக்குக் காலவரையறை உண்டு, அது முடிந்தால் தடையும் முடியும். சட்டமா அதிபரை எதிர்பார்த்து நிற்காமல் நீதிபதியே போடலாம். இதனால் வேலை சுலபமானது. ஆனால் பழைய சட்டத்தில் இருந்த முதல் பாதுகாப்பு, நடுவில் நின்று யோசிக்கும் மூன்றாவது ஆள், இல்லாமல் போனார்.

இந்தச் சட்டம் கடல் தாண்டியும் போனது. 1898இல் ஸ்கொட்லாந்து. 1920களில் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். எங்களுக்குப் பக்கத்தில், 1949இல் சென்னை மாகாணம். இந்தியா சுதந்திரம் பெற்று இரண்டு வருடம்கூட ஆகாத நேரம் அது. சென்னைச் சட்டமும் 1896ஐப் பின்பற்றியதுதான், ஆனால் மண்ணுக்கு ஏற்ற ஒரு மாற்றம் இருந்தது. சென்னை நகரத்துக்குள் வழக்குப் போட உயர் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். வெளியூரில் இருந்தால் அந்த மாவட்ட நீதிபதியிடம் கேட்டால் போதும். தூரத்துக் கிராமத்தில் இருக்கும் ஒருவர் அனுமதி கேட்பதற்காகவே சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. சிறிய விடயம் போலத் தெரியும். ஆனால் வாசல் எங்கே இருக்கிறது என்பதும் நீதியின் ஒரு பகுதிதான் என்று கச்சேரிக்கும் கொழும்புக்கும் அலைந்த எங்களுக்கு விளங்கும்.

இந்தச் சென்னைச் சட்டம் அரசியலமைப்புக்கு விரோதமானது என்று ஒரு வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை போனது. 1965இல் வந்த முடிவு, சட்டம் செல்லும் என்பது. காரணம், அது ஒருவரை முழுதாகத் தடுக்கவில்லை. நல்ல விடயம் இருந்தால் அனுமதி பெற்று வரலாம். காரணமில்லாமல் மற்றவர்களை இழுத்தடிப்பவர்களிடமிருந்து மற்றவர்களைக் காப்பதும் அரசின் கடமைதான். கவனியுங்கள், அங்கேயும் சட்டம் தப்பியது அனுமதி என்ற அந்தச் சிறிய வாசலால்தான்.

இனி அமெரிக்கா. சட்டத்தரணி இல்லாமல் தானே வழக்காடுபவர்களை நேரடியாகக் குறிவைத்த சட்டம் அங்கேதான் வந்தது.

1963இல் கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. இன்று அதில் உள்ள முக்கியமான வரைவிலக்கணம் இதுதான். கடந்த ஏழு வருடத்துக்குள், சட்டத்தரணி இல்லாமல் தானே நடத்திய குறைந்தது ஐந்து வழக்குகளில் தோற்றவரைத் தொல்லை வழக்காளி என்று அறிவிக்கலாம். சிறு தொகை வழக்குகள் இந்தக் கணக்கில் சேராது. 1990இல், அப்படி அறிவிக்கப்பட்டவர் சட்டத்தரணி இல்லாமல் புதிய வழக்குப் போட முன் அனுமதி பெற வேண்டும் என்ற உத்தரவும் சேர்ந்தது. பெயர்ப் பட்டியல் ஒன்றும் பேணப்படுகிறது. யாரும் பார்க்கலாம்.

ஏன் சட்டத்தரணி இல்லாதவர்களை மட்டும் எண்ண வேண்டும்? அதற்குச் சொல்லப்படும் நியாயம், சட்டத்தரணி ஒரு சல்லடை என்பது. அடிப்படையில்லாத வழக்கைப் போட்டால் அவருடைய தொழிலுக்கே ஆபத்து, ஆகவே அவர் முதலிலேயே "இது நிற்காது" என்று சொல்லிவிடுவார். தானே போகிறவருக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. நியாயம் சரிதான். ஆனால் முதல் தொல்லை வழக்காளி சாஃபர்ஸ் ஒரு சொலிசிட்டர் என்பதை மறந்துவிடக் கூடாது. இன்னொன்று, சட்டத்தரணி இல்லாமல் போகிறவர்கள் யார்? பெரும்பாலும் காசில்லாதவர்கள். ஆகவே "தானே வழக்காடுபவர்" என்று சட்டம் எழுதும்போது, அந்தச் சொல்லின் நிழல் ஏழையின் மேல்தான் விழுகிறது.

இந்தச் சண்டை 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குள்ளேயே வெடித்தது. டெனசி மாநிலத்தைச் சேர்ந்த ஒருவர் 1971இலிருந்து அந்த நீதிமன்றத்தில் மட்டும் 73 விண்ணப்பங்கள் போட்டிருந்தார். வறியவர் என்ற அடிப்படையில் கட்டணம் கட்டாமல். விசேட எழுத்தாணை கேட்கும் மனுக்களை இனி அவர் கட்டணம் கட்டாமல் போட முடியாது என்று நீதிமன்றம் தடுத்தது. ஒன்பது நீதியரசர்களில் ஐந்து பேர் ஆதரவு, நான்கு பேர் எதிர்ப்பு. எதிர்த்தவர்களின் கவலை, காசு உள்ளவன் இதேபோல எத்தனை தடவை வந்தாலும் கட்டணம் கட்டி வரலாம், வறியவனுக்கு மட்டும் வாசல் அடைபடும் என்பது.

அந்த நால்வரின் கவலை வீணானதல்ல. அதே நீதிமன்றத்துக்கு 1962இல் புளோரிடாச் சிறையிலிருந்து ஒரு மனு போயிருந்தது. சிறைத் தாளில், பென்சிலால் எழுதியது. எழுதியவர் கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன். ஒரு பில்லியர்ட் கடையை உடைத்துத் திருடினார் என்று குற்றச்சாட்டு. எனக்குச் சட்டத்தரணி ஒருவரைத் தாருங்கள் என்று அவர் கேட்டார், மாநில நீதிமன்றம் மறுத்தது. தானே வழக்காடித் தோற்று, ஐந்து வருடச் சிறை. அவரிடம் கட்டணம் கட்டவும் ஒன்றுமில்லை. 1963இல் நீதிமன்றம் ஏகமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பாரதூரமான குற்றச்சாட்டை எதிர்கொள்ளும் வறியவருக்கு அரசு சட்டத்தரணி ஒருவரைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது அன்றிலிருந்து அந்த நாட்டின் சட்டம். மறு விசாரணையில், சட்டத்தரணி ஒருவரோடு, கிடியன் விடுதலையானார். பென்சில் எழுத்தைப் பார்த்து "இதுவும் தொல்லைதான்" என்று யாராவது ஓரமாக வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்?

ஆகவே 1990இல் அமெரிக்காவின் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, இப்படித் தடை போடும் நீதிபதிக்கு நான்கு நிபந்தனைகள் வைத்தது. அந்த ஆளுக்கு முன்கூட்டி அறிவித்து, எதிர்க்கச் சந்தர்ப்பம் கொடு. எந்தெந்த வழக்குகளால் இந்த முடிவுக்கு வந்தாய் என்று பட்டியல் போடு. எண்ணிக்கை மட்டும் போதாது, அவை உண்மையில் அடிப்படையற்றவைதான் என்று காரணத்தோடு எழுது. தடையை எவ்வளவு ஒடுக்கமாகப் போட முடியுமோ அவ்வளவு ஒடுக்கமாகப் போடு. ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய இங்கிலாந்துச் சட்டத்தின் சாரமும் ஏறக்குறைய இதுதான். இரண்டு நாடுகள், இரண்டு வழிகள், வந்து சேர்ந்த இடம் ஒன்று.

இப்போது எங்கள் நாட்டுக்கு வருவோம்.

கொழும்பில் ஒருவர் தன் தொழில் நட்டஈடு தொடர்பான விவகாரத்தை எடுத்துக்கொண்டு, சட்டத்தரணி இல்லாமல், உயர் நீதிமன்றத்துக்குப் போனார். முதல் மனுக்கள் தள்ளுபடியாகின. திரும்பவும் ஒரு மனுப் போட்டார். முதல் மனுக்களைக் கேட்ட நீதியரசர்களே இதையும் கேட்கக் கூடாது என்பது அவருடைய வாதம். 2003 பெப்ரவரி 6ஆம் திகதி அந்த மனு எடுக்கப்பட்டபோது, திரும்பத் திரும்ப மனுப் போட்டது, நீதிமன்றத்தில் குரலை உயர்த்தியது, மன்னிப்புக் கேட்க மறுத்தது என்பவற்றுக்காக நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளியாகக் காணப்பட்டார். அன்றே ஒரு வருடக் கடூழியச் சிறை. தனியாகக் குற்றப்பத்திரிகையோ விசாரணையோ இல்லை. அவர் ஆஸ்துமா நோயாளி. சிறைக் காவலர்களால் தாக்கப்பட்டதாகவும் பிறகு முறையிட்டார். 2003 ஒக்டோபர் 17ஆம் திகதிதான் வெளியே வந்தார்.

அவருடைய முறைப்பாடு ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழுவுக்குப் போனது. 2005 மார்ச் 31ஆம் திகதி குழு தன் முடிவைச் சொன்னது. அந்தச் சிறை எதேச்சையானது, இலங்கை ஏற்றுக்கொண்ட சர்வதேச உடன்படிக்கையின் 9ஆவது உறுப்புரைக்கு விரோதமானது. நீதிமன்றத்தின் கண்ணியத்தைக் காக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு என்பதைக் குழு மறுக்கவில்லை. ஆனால் திரும்பத் திரும்ப மனுப் போடுவதற்குப் பண அபராதமே போதுமாக இருக்க, இவ்வளவு கடுமையான, உடனடித் தண்டனை ஏன் தேவைப்பட்டது என்பதற்கு நீதிமன்றமோ அரசோ காரணம் சொல்லவில்லை என்பதுதான் குழுவின் குறை. அவருக்கு நட்டஈடு உட்பட நிவாரணம் கொடுக்க வேண்டும், சட்டத்தையும் திருத்த வேண்டும் என்றது. அடுத்த வருடம், 2006இல், வேறொரு வழக்கில், அந்தக் குழுவுக்கு முறையிட வழிவிடும் நெறிமுறையில் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்போடு பொருந்தாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்ற அவமதிப்புக்கென்று தனியான சட்டமொன்று எங்கள் பாராளுமன்றத்தில் நிறைவேறியது 2024இல்தான்.

இங்கே நாங்கள் யார் மேலும் குற்றம் சுமத்த எழுதவில்லை. அந்த மனுதாரரின் மனுக்களில் விடயம் இருந்ததா இல்லையா என்று தீர்மானிப்பதும் எங்கள் வேலையல்ல. இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லண்டனில் 48 வழக்குகளுக்குப் பிறகு, சட்டமா அதிபரின் விண்ணப்பம், மறுபக்கத்தைக் கேட்கச் சந்தர்ப்பம், காரணம், வர்த்தமானி. முடிவில் கிடைத்தது "இனி அனுமதி கேள்" என்ற உத்தரவு. கொழும்பில் ஒரு சில மனுக்களுக்குப் பிறகு, ஒரே காலையில், சிறை. நீதிமன்றத்தின் நேரத்தைக் காப்பது இரண்டு இடத்திலும் நோக்கம்தான். ஆனால் ஒன்றில் ஒழுங்கு இருந்தது, மற்றதில் அந்த நேரத்து முடிவு மட்டுமே இருந்தது.

இந்த நீண்ட வரலாற்றிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட பாடம் இதுதான். திரும்பத் திரும்ப வருகிறவரை நீதிமன்றம் கட்டுப்படுத்தலாம், சில நேரம் கட்டுப்படுத்தத்தான் வேண்டும். இல்லாவிட்டால் டுவிஸ் குடும்பம் மாதிரி எத்தனையோ குடும்பங்கள் உடையும். ஆனால் அந்தக் கட்டுப்பாடு நீதியாக இருக்க வேண்டுமென்றால், அவர் பக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும், காரணம் எழுத்தில் இருக்க வேண்டும், எல்லை குறிக்கப்பட்டிருக்க வேண்டும், உண்மையான விடயத்தோடு வந்தால் உள்ளே வர ஒரு வழி மிஞ்சியிருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அது கட்டுப்பாடு அல்ல, வாயடைப்பு.

தாங்களே வழக்குப் பேசப் போகும் எங்கள் ஊர் ஆட்களுக்கும் ஒரு சில வார்த்தை.

தீர்ப்பு பிழை என்று நினைத்தால் மேன்முறையீடு செய்வது உங்கள் உரிமை. அதே விடயத்தை அதே ஆட்களுக்கு எதிராகப் புதிய வழக்காகப் போடுவது வேறு விடயம். அங்கேதான் எல்லா நாட்டிலும் ஆட்கள் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். மேன்முறையீட்டுக்கும் மனுவுக்கும் நாள் கணக்கு உண்டு, 126ஆவது உறுப்புரைக்கு ஒரு மாதம் என்று மேலே சொன்னோம். அது தவறினால் நல்ல விடயமும் கெட்டுப்போகும். தோற்றால் தீர்ப்பின் பிரதியை எடுத்து, ஏன் தோற்றோம் என்று விளங்கக்கூடிய ஒருவரிடம் வாசிக்கச் சொல்லுங்கள். நீதிபதியின் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், குரலை உயர்த்தாதீர்கள். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால், 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அங்கே போய்க் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "இது நிற்காது" என்று ஒருவர் முதலிலேயே சொன்னால் அது பத்து வருட அலைச்சலை மிச்சப்படுத்தும். "இது நிற்கும்" என்று சொன்னால் அதைவிட நல்லது.

பள்ளிவாசல் நிர்வாகிகள், மத்தியஸ்த சபையில் இருப்பவர்கள், எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. காணி எல்லையோ, சீதன வீடோ, சகோதரர்களின் பங்கோ, பிரச்சினை சின்னதாக இருக்கும்போதே இரண்டு பக்கத்தையும் முழுதாகக் கேட்டு, என்ன முடிவு, ஏன் அந்த முடிவு என்று எழுதிக் கொடுத்தால் பாதி வழக்கு நீதிமன்றம் போகாது. காரணம் தெரியாமல் தோற்றவன்தான் திரும்பத் திரும்ப வருவான்.

உங்கள் வீட்டில், அயலில் இப்படி வழக்கோடு அலையும் பெரியவர் யாராவது இருந்தால், சட்ட உதவி ஆணைக்குழுவைப் பற்றி அவருக்குச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு நாள் கூடவே போய் வாருங்கள்.